வணிகத் தமிழிற் பிடிகொடாமொழி: ஒரு சமூக மொழியியல் நோக்கு

ஒரு செய்தியைச் சொல்லுவோன் அச்செய்தியின் உண்மைக்குத் தான் எவ்வளவு பொறுப்பேற்கிறான் என்பதையும் அக்கூற்றிலேயே உணர்த்திவிடுகிறான். ‘மழை பெய்யும்’ என்பதற்கும் ‘மழை பெய்யக்கூடும்’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு மழையைப் பற்றியதன்று, சொல்லுவோனைப் பற்றியது. முன்னையதில் அவன் தன் சொல்லுக்குக் கட்டுப்படுகிறான். பின்னையதில் மழை பெய்யாதொழியினும் அவனைக் குறைகூற இயலாது. இவ்வாறு கூற்றின் உறுதியைத் தளர்த்திச் சொல்லுவோனின் பொறுப்பைக் குறைக்கும் மொழிக்கூறுகளை மேலைநாட்டு மொழியியலாளர் தனியொரு வகையாகக் கொண்டு ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க மொழியியலாளரான ஜோர்ஜ் லேக்கோவ் 1972 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முன்னோடியானதாகக் கருதப்படுகிறது. எவர் எதைக் கேட்பினும் நேரே விடை கூறாதவனைப் ‘பிடிகொடாமற் பேசுகிறான்’ என்பது நம் வழக்கு. அவ்வழக்கையொட்டி இக்கூறுகளைப் பிடிகொடாமொழி எனக் குறிக்கலாம்.

விளம்பரங்களிலும், கடன் விண்ணப்பங்களிலும், வாடிக்கையாளருக்கு நிறுவனங்கள் விடுக்கும் அறிவித்தல்களிலும் இம்மொழி எவ்வாறு தொழிற்படுகிறது என்பதையும், அதனால் நன்மையடைவோர் யார், இழப்பை ஏற்போர் யார் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நகர்ப்புறத்து நுகர்வோனுக்கு இது எரிச்சலூட்டும் ஒரு சிறு விடயமாக இருக்கலாம். ஆனால் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் அமைந்த கிளிவெட்டி போன்ற நெற்செய்கைக் கிராமமொன்றில் ‘வரை’ என்னும் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொள்வதன் விலை ஒரு போகத்தின் விளைச்சலாகவோ, ஒரு குடும்பத்தின் நகையாகவோ அமைந்துவிடக்கூடும்.

தமிழ் இலக்கணத்தில் ஐயமும் தேற்றமும்

கூற்றின் உறுதியையும் தளர்ச்சியையும் சிறு இடைச்சொற்களாற் காட்டும் இயல்பு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் இடையியலிற் ‘கொல்’ என்னும் சொல்லை ஐயப்பொருளுக்கு உரியதாகக் கூறுவர். ஏகாரத்தின் பொருள்களுள் தேற்றத்தை ஒன்றாகவும், உம்மையின் பொருள்களுள் ஐயம், முற்று ஆகிய இரண்டையும் சேர்த்தும் எண்ணுவர். ஒரே உம்மை ஓரிடத்தில் எஞ்சாமையையும் பிறிதோரிடத்தில் ஐயத்தையும் உணர்த்தவல்லது என்பதை நம் இலக்கணகாரர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருந்தனர்.

இன்றைய எழுத்துத் தமிழில் ‘கொல்’ வழக்கிழந்துவிட்டது. அதன் பணியை ‘-லாம்’, ‘-கூடும்’ முதலிய வடிவங்கள் ஆற்றுகின்றன. இவற்றுள் ‘-லாம்’ தனிக்கவனத்துக்குரியது. ‘நீ இங்கே இருக்கலாம்’ என்பதில் அது அனுமதியைக் குறிக்கிறது. ‘அவர் வயலில் இருக்கலாம்’ என்பதில் ஐயத்தைக் குறிக்கிறது. ‘ஒரு மணித்தியாலத்தில் மூதூருக்குப் போகலாம்’ என்பதில் இயலுமையைக் குறிக்கிறது. அனுமதியும் இயலுமையும் கேட்போனுக்குக் கிடைக்கும் உறுதிகள். ஐயமோ எவ்வித உறுதியையும் தருவதில்லை. மூன்றும் ஒரே வடிவில் அடங்குகின்றன. அன்றாட உரையாடலிற் சூழலே பொருளைத் தெளிவுபடுத்திவிடும். சூழல் அறுந்த அச்செழுத்திலோ அப்பொருள் மயக்கம் அப்படியே நிற்கும். விளம்பரம் எழுதுவோனுக்கு வாய்த்த பெருங்கருவி இதுவேயாகும்.

அதிகார உறவின் தலைகீழ் நிலை

பிடிகொடாமொழி முற்றாகத் தீயது என்று கருதுவது தவறாகும். ‘ஏலுமெண்டால் வாறன்’, ‘பாப்பம்’ என்று நம்மவர் கூறும்போது கேட்டவரின் முகம் முறியாதவாறு மறுப்பைத் தெரிவிக்கின்றனர். பெனலொப் பிறவுணும் ஸ்டீபன் லெவின்சனும் 1978 இல் வெளியிட்ட பணிவுமொழி பற்றிய புகழ்பெற்ற ஆய்வில் இதனை விரிவாக நோக்கினர். அவர்கள் அடிப்படையாகக் கொண்ட மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்று என்பது நமக்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. கேட்போனின் அதிகாரம் மிகுந்தும், அவனுக்கும் பேசுவோனுக்கும் இடையிலுள்ள தூரம் கூடியும், வேண்டுகோளின் சுமை பெரிதாகியும் இருக்குமிடத்துப் பேசுவோன் தன் கூற்றை மேலும் மேலும் தளர்த்திக்கொள்கிறான் என்பது அவர்களின் கோட்பாட்டின் சாரம். எளியவன் வலியவன் முன் தயங்கிப் பேசுகிறான். குத்தகைக்காரன் காணிச் சொந்தக்காரன் முன் ‘முடியுமென்றால் கொஞ்சம் பொறுக்கலாமோ’ என்று கேட்பதில் இதனைக் காண்கிறோம்.

வணிக மொழியில் இவ்வுறவு தலைகீழாகிறது. அங்கே வலிமை மிக்க தரப்பே பிடிகொடாது பேசுகிறது. எளிய தரப்பு ஐயத்துக்கு இடமின்றிக் கையொப்பமிடுகிறது. கடன் பற்றிய துண்டுப்பிரசுரத்தில் ‘வழங்கப்படலாம்’, ‘கருத்திற்கொள்ளப்படும்’, ‘மாற்றத்துக்கு உட்பட்டது’ என்னும் தொடர்கள் மலிந்திருக்கும். அதன் பின்னர் கடன்படுவோர் ஒப்பமிடும் பத்திரத்திலோ ‘செலுத்துவேன்’, ‘பொறுப்பேற்கிறேன்’, ‘உறுதியளிக்கிறேன்’ என்பனவே இருக்கும். ‘மழை பெய்தால் செலுத்துவேன்’, ‘விளைச்சலுக்குட்பட்டுச் செலுத்துவேன்’ என்று எழுத எந்த விவசாயிக்கும் இடமில்லை. இயற்கையின் ஐயங்களோடு நாளும் பொழுதும் வாழ்பவனின் மொழியில் ஐயம் நீக்கப்பட்டிருக்கிறது. ஐயத்துக்கு எதிராகக் காப்புறுதி செய்துகொள்ளும் வசதியுடைய தரப்பின் மொழியிலோ அது நிறைந்து காணப்படுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலானதன்று. இடரை யார் சுமப்பது என்பதை இலக்கணமே தீர்மானித்துவிடும் நிலை இது.

விளம்பரத்தின் நான்கு உத்திகள்

வணிகத் தமிழிற் காணப்படும் பிடிகொடாமொழியை நான்கு வகையாகப் பகுத்து நோக்குதல் வசதியாகும்.

முதலாவது, ஒற்றை எல்லைச் சொல். ‘50 வீதம் வரை கழிவு’, ‘பவுணொன்றுக்கு அதிகூடிய முற்பணம்’, ‘ஆரம்ப விலை’ முதலியன இவ்வகையின. ‘வரை’ என்பது இயல்பாக ஈரெல்லையை வேண்டி நிற்கும் சொல். ‘கிளிவெட்டி முதல் வெருகல் வரை’ என்றால் தூரம் புலப்படும். ‘வெருகல் வரை’ என்று மட்டும் சொன்னாற் புறப்பட்ட இடம் தெரியாது. விற்போனுக்கு ஏற்ற எல்லை மட்டும் பெரிய எழுத்திற் கூறப்படுகிறது. மற்றைய எல்லை கேட்போனின் கற்பனைக்கு விடப்படுகிறது. ஒரேயொரு பொருளுக்கு 50 வீதமும் ஏனையவற்றுக்கு 5 வீதமும் கழிவு அளித்தாலும் அவ்விளம்பரம் பொய்யாகாது.

இரண்டாவது, உறுதியான விகுதியோடு கூடிய உறுதியற்ற வினை. ‘விளைச்சலைப் பெருக்க உதவும்’, ‘களைகளைக் கட்டுப்படுத்தத் துணைபுரியும்’ என்னும் தொடர்களில் ஐயத்தைக் காட்டும் விகுதி எதுவும் இல்லை. ‘உதவும்’ என்பது திட்டவட்டமாகவே ஒலிக்கிறது. ஆயினும் எவ்வளவு உதவும், எந்த நிலத்தில், எத்தனை நாளில் என்பன வினையின் பொருளுக்குள் அடங்குவதில்லை. இங்கே ஐயம் விகுதியை விட்டு வினைக்குள் ஒளிந்துகொள்கிறது. களைநாசினியைத் தெளித்த பின்னும் களை மண்டினால், ‘உதவியது, போதவில்லை’ என்று கூறிவிடலாம்.

மூன்றாவது, எழுவாயற்ற செயப்பாட்டுவினை. ‘கட்டணம் அறவிடப்படும்’, ‘சேவை துண்டிக்கப்படும்’, ‘விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்’ என்பவற்றில் அறவிடுவோரும் துண்டிப்போரும் மறைந்துவிடுகின்றனர். நிறுவனங்கள் விடுக்கும் வருத்த அறிவித்தல்களில் இது இன்னும் நுட்பமாக அமைகிறது. ‘சேவை தடைப்பட்டுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்னும் தொடரை நோக்குக. ‘வருந்துகிறோம்’ என்பது தன்மைப் பன்மைச் செய்வினை. ‘தடைப்பட்டுள்ளது’ என்பதிற் செய்தவன் இல்லை. வருத்தத்துக்கு எழுவாய் உண்டு, தவறுக்கு எழுவாய் இல்லை. அரச அலுவலகங்களின் ‘ஆவன செய்யப்படும்’, ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்னும் மறுமொழிகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே.

நான்காவது, பின்னிணைப்பு. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’, ‘கையிருப்பு உள்ளவரை மட்டும்’ என்பன உடுக்குறியோடு அடியிற் சிறிய எழுத்தில் இடம்பெறும். ‘அனைவருக்கும் கடன்’ என்பதிலுள்ள முற்றும்மையை இப்பின்னிணைப்பு அறுத்துவிடுகிறது. வானொலியில் இதே தொடர் மூச்சுவிடாத வேகத்திற் கூறப்பட்டுக் காற்றிற் கரைந்துவிடும்.

இவ்வுத்திகள் சட்டத்தோடு கொண்ட உறவில் வளர்ந்தவை. இங்கிலாந்தில் 1891 இல் ஒரு மருந்து நிறுவனம், தன் புகையுருண்டையை முறைப்படி பயன்படுத்திய பின்னரும் சளிச்சுரம் கண்டால் 100 பவுண் தருவதாக விளம்பரம் செய்தது. தன் நேர்மைக்குச் சான்றாக வங்கியொன்றில் 1,000 பவுண் வைப்பிலிட்டிருப்பதாகவும் கூறியது. நோய்வாய்ப்பட்ட கார்லில் என்னும் பெண்மணி வழக்குத் தொடர்ந்தார். அது வெறும் விளம்பரப் புகழ்ச்சி என்று நிறுவனம் வாதிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1892 இல் அவ்வாதத்தை நிராகரித்து, திட்டவட்டமாகச் சொன்ன சொல்லுக்கு நிறுவனம் கட்டுப்பட வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. இவ்வழக்கு இன்றும் ஒப்பந்தச் சட்ட மாணவர்க்குப் பாடமாக உள்ளது. வணிக உலகம் இதிலிருந்து கற்றுக்கொள்ளத்தக்க பாடம் இரண்டு: ஒன்று, பொய் சொல்லாதிருத்தல்; மற்றையது, திட்டவட்டமாகச் சொல்லாதிருத்தல். இரண்டாவதே எளிதாக இருந்தது.

ஒரு சொல்லின் தளர்ச்சி எவ்வளவு பெறுமதியுடையது என்பதற்குச் சிகரெட் பெட்டிகளின் எச்சரிக்கை வாசகமும் சான்றாகும். அமெரிக்காவில் 1965 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த வாசகம் புகைத்தல் உடல்நலத்துக்குத் தீங்கு பயக்கக்கூடும் என்னும் பொருளில் அமைந்தது. 1970 ஆம் ஆண்டுச் சட்டமே ‘கூடும்’ என்பதை அகற்றி, அது ஆபத்தானது என்று திட்டமாகக் கூறச் செய்தது. ஒரு துணைவினை உதிர்வதற்கு ஐந்து ஆண்டுகள் சென்றன.

கிளிவெட்டியிலிருந்து நோக்குகையில்

மகாவலி நீரால் வளம்பெறும் அல்லைத் திட்டப் பகுதியை அண்டிய கிளிவெட்டியின் வாழ்க்கை பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் சுற்றிச் சுழல்வது. விதைநெல், உரம், களைநாசினி, உழவு இயந்திரக் கூலி ஆகிய அனைத்தும் விதைப்புக் காலத்திலேயே பணம் வேண்டி நிற்பவை; வருவாயோ அறுவடையின் பின்னரே வருவது. இடைப்பட்ட மாதங்களைக் கடனே நிரப்புகிறது. 2006 இன் போரிற் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. 2015 இலும் 2016 இலுமே அவர்களிற் பலர் சொந்த நிலத்துக்கு மீள முடிந்தது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் விரைந்து பரவின. அசையாச் சொத்தோ நிரந்தர வருமானமோ இல்லாத பெண்களே அவற்றின் முதன்மை வாடிக்கையாளர். பிணைக்குச் சொத்துக் கேட்காது, ஒருவர்க்கொருவர் பிணைநிற்கும் குழுமுறையிற் கடன் வழங்கப்பட்டது.

இக்கடன்களின் மொழியை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம். 50,000 ரூபா கடன், ‘மாதம் 2 வீதம் மட்டுமே’, 52 வாராந்தத் தவணைகள் எனக் கொள்வோம். ஆண்டு வட்டி 24 வீதம் என்றே எவரும் எண்ணுவர். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபா. வாரத் தவணை ஏறத்தாழ 1,192 ரூபா. ஆயினும் கடன்பட்டவர் 50,000 ரூபாவை ஆண்டு முழுவதும் கையில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் முதலின் ஒரு பகுதியைத் திருப்பிவிடுகிறார். 26 வாரங்கள் சென்றபின் ஏறத்தாழப் பாதி முதலே எஞ்சியிருக்கும். வட்டியோ முழுமுதலுக்கும் கணிக்கப்பட்டபடியே நிற்கும். குறைந்துசெல்லும் மீதியின் மீது கணித்தால் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 44 வீதமாகும். ஆவணக் கட்டணமும் காப்புறுதிக் கட்டணமும் முற்கூட்டியே கழிக்கப்படின் அது மேலும் உயரும். ‘2 வீதம்’ என்னும் எண் பொய்யன்று. எதன் மீது 2 வீதம் என்பதே சொல்லப்படவில்லை. இங்கே ‘மட்டுமே’ என்பதன் ஏகாரம் தேற்றப்பொருளில் நின்று அச்சொல்லாமையை மூடிவிடுகிறது. வாங்கத் தூண்டுமிடத்தில் தேற்ற ஏகாரம், கொடுக்கவேண்டுமிடத்தில் ஐயமும் செயப்பாட்டுவினையும் என்பது இவ்வகை மொழியின் பொதுவான பங்கீடு.

இதன் விளைவுகள் நாடறிந்தவை. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன்களின் ஆண்டு வட்டி 40 வீதம் முதல் 220 வீதம் வரை அமைந்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். இக்கூற்றிலும் ‘வரை’ உண்டு; ஆனால் ஈரெல்லையும் கூறப்பட்டுள்ளன. அதே ஆண்டில், வறட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களைச் சேர்ந்த பெண்கள் பெற்ற, 1 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத, தவணை தவறிய கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது. 2021 இற் பொலன்னறுவை மாவட்டத்தின் இங்குராக்கொடையிற் கடன்பட்ட பெண்கள் தொடர் சத்தியாக்கிரகத்தில் இறங்கினர். இவர்களின் துயருக்கு வறுமை, போர், வறட்சி எனப் பல காரணங்கள் உண்டு. மொழி அவற்றுக்கு மாற்றுக் காரணமன்று. ஆனால் அக்காரணங்கள் ஒரு கையொப்பமாக உருமாறும் இடம் மொழியே.

திட்டமான கூற்றே சோதனைக்குரியது

வேளாண்மை உள்ளீடுகளில் இதனைப் பிறிதொரு கோணத்தில் நோக்கலாம். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட காலத்தில் இந்தியாவிலிருந்து நனோ யூரியா என்னும் திரவ உரம் தருவிக்கப்பட்டது. 500 மில்லிலீற்றர்ப் போத்தலொன்று 45 கிலோ யூரியா மூட்டையொன்றுக்கு ஈடாகும் என்பது உற்பத்தியாளரின் கூற்று. இது திட்டவட்டமானது, ஆதலால் எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 46 வீத நைதரசன் கொண்ட 45 கிலோ யூரியாவில் 20.7 கிலோ நைதரசன் உண்டு; 4 வீத நைதரசன் கொண்ட 500 மில்லிலீற்றர்ப் போத்தலில் உள்ளது 20 கிராம். இலைவழி உறிஞ்சப்படுவதால் சிறிதளவே போதும் என்பது உற்பத்தியாளர் தரப்பு வாதம்; அவ்வளவு பெரிய இடைவெளியை அது நிரப்பாது என்பது மறுப்போர் வாதம். வாதம் நிகழ முடிந்தது என்பதே இங்கு முக்கியம். ‘பயிர் செழிக்கத் துணைபுரியும்’ என்று மட்டும் எழுதப்பட்டிருப்பின் கணக்கிட எதுவும் இருந்திராது. பிடிகொடாமொழி வாசகனை ஏமாற்றுவதோடு நில்லாது, அவன் சோதித்தறியும் வாய்ப்பையும் பறித்துவிடுகிறது.

ஆய்வாளனின் ஐயமும் வணிகனின் ஐயமும்

இவ்விடத்தில் ஒரு தடை எழுதல் இயல்பே. ‘எனலாம்’, ‘போலும்’, ‘எனக் கருத இடமுண்டு’ என்று ஆய்வாளரும் எழுதுகின்றனர். வைத்தியரும் ‘குணமாகக்கூடும்’ என்கிறார். வானிலை அவதானிப்பு நிலையமும் மழை பெய்யக்கூடுமென்றே அறிவிக்கிறது. இவையும் பிடிகொடாமொழி அல்லவா?

வடிவத்தில் ஒன்றே, தொழிற்பாட்டில் வேறு. ஆய்வாளன் தன் சான்று எங்கே முடிகிறது என்பதை வாசகனுக்குக் காட்டுவதற்காகக் கூற்றைத் தளர்த்துகிறான். அத்தளர்ச்சி கூற்றின் அருகிலேயே, அதே எழுத்தளவில் நிற்கிறது. வாசகன் அதனைக் கண்டு மறுக்கவேண்டுமென்பதே அதன் நோக்கம். வணிகன் தன் சான்றின் எல்லையை நன்கறிவான். வட்டி எவ்வளவு, கழிவு எத்தனை பொருள்களுக்கு என்பன அவனது கணக்கேட்டிலுள்ளவை. அவன் கூற்றைத் தளர்த்துவது அறியாமையினாலன்று, அறிந்ததை மறைப்பதற்காகும். எனவே ஐயச்சொல் இருக்கிறதா என்பது அளவுகோலாகாது. ஐயத்தின் இலாபம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்பதே அளவுகோலாகும்.

சட்டமும் நம் கடமையும்

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், ஏமாற்றும் நடத்தையை மட்டுமன்றி ஏமாற்றக்கூடிய நடத்தையையும் வர்த்தகருக்குத் தடைசெய்கிறது. இங்கே ‘கூடிய’ என்பது எளியவனுக்குச் சார்பாக நிற்பதை நோக்குக. ஏமாந்தவன் தான் ஏமாந்ததை நிறுவ வேண்டியதில்லை; வாசகம் அவ்வாறு ஏமாற்ற இடந்தருவது போதும். 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டமும், 2023 இல் இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் இத்துறையில் அடுத்தடுத்த படிகள். எனினும் நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்புகளை ஏற்கும் கம்பனிகளையே முதன்மையாகக் கருத்திற்கொண்டிருந்தமையாற் கடன் மட்டும் வழங்கும் பலர் அதன் பிடிக்கு வெளியே நின்றனர்.

சட்டம் கொழும்பில் ஆக்கப்படுகிறது. கையொப்பம் கிளிவெட்டியில் இடப்படுகிறது. இவ்விடைவெளியைக் குறைப்பதிற் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் பங்குண்டு. நம் பாடசாலைகளில் உம்மையும் ஏகாரமும் செய்யுட்களைக் கொண்டே கற்பிக்கப்படுகின்றன. அதே பாடத்தை ஒரு கடன் விண்ணப்பத்தைக் கொண்டும் கற்பிக்கலாம். மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் எந்தத் துண்டுப்பிரசுரத்தையும் நான்கு வினாக்களால் அளந்து பார்க்கப் பழகவேண்டும். ‘வரை’ என்றால் எதிலிருந்து? ‘உதவும்’ என்றால் எவ்வளவு? ‘அறவிடப்படும்’ என்றால் யாரால், எப்போது, எத்தனை ரூபா? ‘நிபந்தனைக்குட்பட்டது’ என்றால் அந்நிபந்தனைகள் தமிழில் எங்கே எழுதப்பட்டுள்ளன? இவற்றுக்குரிய விடையை எழுத்திற் பெறும்வரை கையொப்பத்தைத் தாமதிப்பது மரியாதைக் குறைவாகாது. ஒரு தரப்பு ‘வழங்கப்படலாம்’ என்று எழுதுமாயின், ‘செலுத்துவேன்’ என்று எழுதுமுன் மற்றைய தரப்புக்கும் நின்று கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைக் கேட்கும் மொழியறிவை ஊட்டுதல் தமிழ்க் கல்வியின் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளப்படல் வேண்டும்.